சுத்தமான தொண்டை

நாற்பது மணி நேர உபவாசத்தில் இருபது முடிந்திருந்தது. மகன் தண்ணீர் மட்டும் குடித்தான். அவன் குடிக்கும்போதெல்லாம் அம்மா அவன் தொண்டைக் குமிழ் ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

சனிக்கிழமை மதியம். மழை வரப்போவது போலவே இருந்தது, வரவில்லை. ஈரக் காற்றில் பசை காயாது. ஃபோமில் தடவிய பசை பால் படிந்தது போல வெளுத்துக் கிடந்தது. சபையின் நீள பெஞ்சுகளுக்கான குஷன்கள் மறுநாள் ஆராதனைக்கு முன் போய்ச் சேர வேண்டும். அம்மா பெரிய தையல் மெஷினில் மெரூன் ரெக்ஸினுக்கு ஓரம் அடித்தாள். மகள் ஜிப் வைத்தாள். மகன் மேசையில் சாய்ந்தபடி ஃபோம் வெட்டினான். கத்தி நேராகத்தான் போனது. கைதான் அவ்வப்போது நின்று நின்று போனது.

"தலை சுத்துதா?"

"இல்லம்மா."

"உள்ள ஏதாவது பேசுதா?"

"பசிதான் பேசுது."

"விளையாடாத. ரெண்டாம் நாள்தான் அது முரண்டு பிடிக்கும்னு டாக்டர் ஐயா சொன்னாரு."

"எது?"

"அதுதான்."

மகள் தலையைக் குனிந்து ஜிப்பின் பல்லைக் கோத்தாள்.

பட்டறை அப்பா தொடங்கியது. அவர் போன பிறகு அம்மா நடத்தினாள். கார் இருக்கை, சோபா, பல் மருத்துவரின் சாய்வு நாற்காலி எல்லாம் வரும். ஆட்கள் அவளைக் குஷன் அம்மா என்றார்கள். எதையும் திருப்பிப் போட்டுப் பார்ப்பது அவள் பழக்கம். வெளியே பளபளப்பாக இருக்கும் இருக்கையை உள்ளே கிழித்தால்தான் யார் பழைய சாக்கைத் திணித்து ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். மனிதர்களையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். மகன் வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாங்கி முகர்வாள். சிகரெட் வாசனை வந்ததே இல்லை. அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

பட்டறையின் பின்னறையில் வாரத்தில் மூன்று மாலை பாட்டுப் பயிற்சி நடக்கும். சுவர் முழுக்க மிச்சம் விழுந்த ஃபோம் துண்டுகளை அம்மாவே ஒட்டிக் கொடுத்திருந்தாள். மகன் கிதார். பேக்கரியில் மாவு பிசைகிறவன் டிரம்ஸ். அவனுக்கு மாவு என்றே பெயர். உணவு விடுதியில் சாக்ஸபோன் வாசிக்கிறவனை ஊதல் என்பார்கள். குழுவுக்கு ஏழாம் சுற்று என்று பெயர் வைத்திருந்தார்கள். மெட்டல் இசை என்றார்கள். இயேசுவுக்காக என்றார்கள். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

கால் தட்டிக் கேட்கலாம் என்றால் தாளம் ஏழில் போகும், பழகிவிட்டது என்று நினைக்கும்போது ஐந்தாகிவிடும். ஊதல் தனியாக எங்கோ போய்ச் சுற்றிவிட்டு, எல்லோரும் கைவிட்ட நேரத்தில் வந்து சேர்ந்துகொள்வான். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்றான் மகன். நேரத்துக்கு வீடு திரும்பாததற்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது அந்தக் குரல்.

பாறாங்கல்லைச் சிமெண்ட் தரையில் இழுப்பது போல அது வரும். ஃபோம் சுவரைத் தாண்டித் தையல் மெஷினின் இரும்புத் தட்டில் அதிரும். காகிதத்தில் பாட்டு நல்ல ஜெபமாகவே இருந்தது. 'குழிக்குள் கிடக்கிறேன், விளிம்பில் நிற்பவரே, கையை நீட்டும்' என்று இருந்தது. போதகர் படித்துப் பார்த்து, நல்லது, ஈஸ்டருக்குப் பிறகு வாலிபர் கூட்டத்தில் பாடலாம் என்றார். அப்புறம் ஒலிப்பதிவு ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போனது. சபை மூப்பரின் பேரப்பிள்ளை கேட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. குழி அவர்கள் காதில் கேட்டது. விளிம்பில் நிற்பவரைப் பற்றிய வரி கேட்கவில்லை.

முதல் மாதமே அம்மா மகளை உள்ளே அனுப்பியிருந்தாள். பதிவு பண்ணும் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று மகன் கேட்டது வசதியாகப் போயிற்று. "போய் உக்காரு. என்ன பண்றாங்க, என்ன குடிக்கிறாங்க, எல்லாம் எனக்கு வந்து சொல்லு" என்றாள். மகள் சபைக் கொயரில் இரண்டாம் வரிசையில் நின்று பாடுகிறவள். வாடிக்கையாளர் வந்தால் அளவு சொல்லக்கூட அண்ணனைக் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் பொய் சொல்ல மாட்டாள் என்று அம்மா நம்பினாள். மகளும் சொன்னாள். ஜெபம் பண்ணித்தான் ஆரம்பிக்கிறார்கள், தண்ணீர்தான் குடிக்கிறார்கள். ஒன்றும் பொய் இல்லை.

சபையின் மூப்பர் காது மூக்கு தொண்டை டாக்டர். நிதானமானவர், யாரையும் திட்டியதில்லை. வியாழக்கிழமை மகனைத் தன் அறைக்கு வரவழைத்து, மூக்கு வழியே மெல்லிய குழாயை விட்டுத் திரையில் காட்டினார். அம்மாவும் மகளும் பின்னால் நின்று பார்த்தார்கள். வெள்ளையாக இரண்டு பட்டைகள் திறந்து மூடின.

"பாத்தீங்களாம்மா. சின்னப் பிள்ளைத் தொண்டை மாதிரி இருக்கு."

"அப்ப நல்லதுதானே டாக்டர் ஐயா?"

"ஒரு வருஷமா அந்த மாதிரி கத்துறான்னா இது செவந்து வீங்கிக் காய்ப்பு காய்ச்சிருக்கணும். இங்க ஒண்ணுமே இல்ல. இந்தத் தொண்டையில இருந்து அந்தக் குரல் வரல. இது என் தொழில், அடிச்சுச் சொல்வேன்."

"பின்ன எங்க இருந்து வருது?"

அவர் கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். "டாக்டராப் பேச வேண்டியதைப் பேசிட்டேன். இனி மூப்பராத்தான் பேசணும்" என்றார்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழாய் போட்டதில் நீர் வழிந்தது. மகள் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு அன்றே சொல்லப்பட்டது. உபவாசம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் விடுதலை ஜெபம். அவன் போதகர் சொல்லச் சொல்ல இரண்டு வாக்கியம் சொல்லி அந்தக் குரலை மறுதலிக்க வேண்டும். சொல்லாவிட்டால் அந்த வீட்டில் யாருக்கும் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. ஏழாம் சுற்றும் அதோடு முடிந்தது.

மகன் சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதை அம்மா மனதில் குறித்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்கு மாவு வந்தான். புருவத்தில்கூட வெள்ளை இருந்தது. கையில் காகிதப் பை.

"பையில என்ன?"

"பன்னு ஆன்ட்டி."

"உபவாசம் இருக்கிறவன் வீட்டுக்குப் பன்னு கொண்டு வர்றியே, உனக்கு மூளை அடுப்புலயே நின்னுபோச்சா?"

"அவனுக்கு இல்ல. தங்கச்சிக்கு."

அம்மா மெஷினை நிறுத்தினாள். "அவளுக்கு என்ன? அவளுக்கு நான் சூப் வச்சிருக்கேன்."

"சாப்ட்டாளா?"

அம்மா எழுந்து போய்ப் பாத்திரத்தைத் திறந்தாள். வாசனை மகனுக்குப் போகக் கூடாது என்று மூடி மேல் ஒரு செங்கல் வைத்திருந்தாள். சூப் அப்படியே இருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. நேற்றைய ரொட்டியும் அப்படியே.

"உன்னை யாருடி பட்டினி கிடக்கச் சொன்னா?"

"பசிக்கலம்மா" என்றாள் மகள்.

"உனக்குப் பசிக்கலங்கிறது உனக்கு முன்னாடி பேக்கரிக்குத் தெரியுது." அம்மா மாவின் பக்கம் திரும்பினாள். "தங்கச்சி தங்கச்சின்னு எத்தனை நாளா நடக்குது இது?"

"ஐயோ ஆன்ட்டி, நீங்க வேற. என் கூடப் பிறந்த மாதிரி."

"கூடப் பிறந்தவன் பாரு, மாசக் கடைசியில பன்னு தூக்கிட்டு அலையுறான். உக்காரு. ஓடாத. ஒண்ணு கேக்கறேன், ஒழுங்காச் சொல்லு. அந்தச் சத்தம் வர்றப்ப இவன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

மாவு மகனைப் பார்த்தான். மகன் ஃபோமைப் பார்த்தான்.

"தெரியாது ஆன்ட்டி."

"பக்கத்துல உக்காந்து அடிக்கிற, தெரியாதா?"

"நாங்க எல்லாரும் சுவத்தைப் பாத்துத்தான் திரும்பி இருப்போம்."

"ஏன்?"

"அப்படி... பேசி வச்சுக்கிட்டோம்."

"லைட்டு?"

மாவு பையின் வாயைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "அணைச்சுருவோம்."

"இருட்டுல, சுவத்தைப் பாத்துக்கிட்டு. இதுக்குப் பேரு ஜெபமா?"

"ஜெபம் பண்றப்ப லைட்டு இருக்கும் ஆன்ட்டி. அதுக்கப்புறம்தான்."

"போடா வெளிய."

பன் பையை அவன் விட்டுவிட்டுப் போனான். அம்மா ஒரு பன்னைப் பிய்த்து உள்ளே பார்த்தாள். பன்தான் இருந்தது.

"லைட்டை அணைக்கிறாங்கன்னு நீ ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மகளைக் கேட்டாள்.

"நீங்க கேக்கலையேம்மா."

மகள் ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். கோணலாக இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அவள் கோணலாக வைத்து அம்மா பார்த்ததே இல்லை.

ஒரு குஷனின் ஓரம் முடிந்தது. பிறகு அம்மா நாற்காலியை மகனுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டு."

"என்னத்தம்மா?"

"அந்தச் சத்தத்தை. நான் உன்னைப் பெத்தவ. என்கிட்ட என்ன? காட்டு, நானே போய் டாக்டர் ஐயாகிட்ட சொல்றேன், என் பிள்ளை வாயில இருந்துதான் வருது, நான் கண்ணால பாத்தேன்னு."

மகன் கத்தியைக் கீழே வைத்தான். வாயைத் திறந்தான். இருமல் வந்தது.

"வராதும்மா."

"ஏன் வராது?"

"இப்ப வராது."

"அது வந்தாத்தான் வருமா?"

அவன் கத்தியை எடுத்து மறுபடி ஃபோமை வெட்டினான். அம்மா எழுந்தாள். நாற்காலியை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனாள். இரண்டு குஷனுக்கு ஓரம் தைத்தாள், இரண்டிலும் நூல் அறுந்தது.

சாயங்காலம் மகளின் தையல் பெட்டியில் நூல் சுற்றும் பாபின் தேடினாள். நூல்கண்டுகளுக்கு அடியில் அதிமதுரத் துண்டுகள் ஒரு சின்ன டப்பா நிறைய இருந்தன. பாதி மென்றது ஒன்று காகிதத்தில் சுற்றி இருந்தது.

"இது எதுக்கு?"

"தொண்டைக்கு. கொயருக்கும்மா."

"கொயர்ல நீ பாடுறது ரெண்டு வரி. அதுவும் பக்கத்துல நிக்கிறவளுக்குக் கேக்காது. அதுக்கு ஒரு டப்பாவா?"

மகள் டப்பாவை வாங்கி மூடினாள். மூடி இரண்டு முறை நழுவியது. அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. இவள் அவனுக்காக வாங்கி ஒளித்து வைக்கிறாள். வேவு பார்க்க அனுப்பியவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"நீ என் பக்கமா, அவன் பக்கமா?"

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"அவனை நினைச்சா?"

"என்னை நினைச்சு."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரை விட்டுப் போகும் ஆவி பக்கத்தில் இருப்பவர் மேல் ஏறும் என்று டாக்டர் ஐயா சொல்லியிருந்தார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. சந்தேகம் அதனால் குறையவும் இல்லை.

இருட்டுவதற்கு முன் குஷன்களை அடுக்கிப் பிளாஸ்டிக் தாள் சுற்ற வேண்டியிருந்தது. தாள் எடுக்கப் போன மகனையும் மகளையும் காணவில்லை. பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா காதை வைத்தாள். அவள் கையால் ஒட்டிய ஃபோம் நன்றாக வேலை செய்தது. ஒரு சொல்லும் வரவில்லை. கீல் பக்கம் விரல் நுழையும் இடைவெளி இருப்பது ஞாபகம் வந்து அங்கே போய்க் குனிந்தாள்.

"சொல்லிடு அண்ணா. ரெண்டே வாக்கியம். முடிஞ்சிடும்."

"முதல் வாக்கியத்தைச் சொல்வேன். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டாவது வராது."

"உனக்கு என்ன? வாயால சொல்றதுதானே."

"சொல்லிட்டா அப்புறம் அது பேய்க் குரல்தான். சபை முழுக்கக் கேட்டிருக்கும். அதுக்கப்புறம் அது எவ்வளவு ஜெபம் பண்ணாலும் பேய்தான்."

"சொல்லலன்னா திருவிருந்து கிடையாது."

"கிடையாதுன்னா கிடையாது."

"அம்மாவுக்கும்தான் அண்ணா."

அம்மா கதவைத் தள்ளினாள். இருவரும் டிரம்ஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அது ஜெபம் பண்ணுதா? யாருகிட்டடா பண்ணுது?" என்றாள் அம்மா.

மகன் எழுந்து நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டான். "தாள் எடுத்துட்டு வர்றேம்மா" என்றான்.

அன்று மகளைத் தன் அறையில் படுக்க வைத்துக்கொண்டாள் அம்மா.

ஞாயிறு காலை மழை கொட்டியது. வேனுக்கும் சபை வாசலுக்கும் நடுவே மாவும் ஊதலும் குஷன்களைத் தலைக்கு மேல் பிடித்து ஓடினார்கள். ஊதல் சபைக்கு வந்ததே இல்லை. உணவு விடுதியில் போடும் கறுப்புக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தான். கோட்டுப் பையில் என்ன வைத்திருக்கிறான் என்று அம்மா கேட்டாள். கைக்குட்டையைக் காட்டினான்.

புது ரெக்ஸின் ஆட்கள் அசைந்தபோதெல்லாம் முனகியது. பாட்டுகளுக்கு நடுவே அந்தச் சத்தம் கேட்கும்போது முன்வரிசைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொயர் வெள்ளை உடுத்தி நின்றது. மகள் பாடுகிறாளா என்று அம்மா பார்த்தாள். உதடு அசைந்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆராதனை முடிந்து யாரும் எழுந்து போகவில்லை. போதகர் மகனைக் கூப்பிட்டார். அவன் நடந்து வந்தான். முகம் மெழுகு மாதிரி இருந்தது. டாக்டர் ஐயா பக்கத்தில் நாற்காலி போட்டு, நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "உக்காந்துக்கோப்பா" என்றார். அவன் உட்காரவில்லை. அம்மா கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். விழுந்தால் பிடிக்கவா, ஓடினால் பிடிக்கவா என்று அவளுக்கே தெரியவில்லை.

போதகர் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டு, "நான் சொல்றதைச் சத்தமாத் திருப்பிச் சொல்லு" என்றார். "இந்தக் குரல் என்னுடையதல்ல."

"இந்தக் குரல் என்னுடையதல்ல" என்றான் மகன். கடைசி பெஞ்சு வரை கேட்டது. அவன் குரலில் ஒரு தயக்கமும் இல்லை. டாக்டர் ஐயா கண்ணை மூடித் தலையாட்டினார். யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

"இந்தக் குரல் தேவனுடையதும் அல்ல."

மகன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுப்பா. இந்தக் குரல் தேவனுடையதும் அல்ல."

மழை கூரையில் ஒரே சீராக விழுந்தது. பெஞ்சுகள் முனகுவது நின்றுபோயிருந்தது.

"விடமாட்டேங்குது" என்று டாக்டர் ஐயா மெதுவாகச் சொன்னார். "தொண்டையைப் பிடிச்சிருக்கு. நாம எல்லாரும் ஜெபிக்கலாம்."

"டேய்" என்றாள் அம்மா. "ஒரு வாக்கியம்டா. அம்மாவுக்காகச் சொல்லு."

மகன் அவளைப் பார்த்தான். கண் நிறைந்திருந்தது. "பொய் சொல்லச் சொல்லாதம்மா" என்றான்.

போதகர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தார். இரண்டு ஆண்கள் முன்னே வந்து மகனின் தோளைப் பிடித்து முழங்கால் போட வைத்தார்கள். அவன் எதிர்க்கவில்லை. எதிர்க்கத் தெம்பும் இல்லை. முட்டி தரையில் இடித்த சத்தம் கேட்டது.

கொயரின் இரண்டாம் வரிசை அசைந்தது. முன்னால் நின்றவர்கள் விலகினார்கள். மகள் படியில் இறங்கி வந்தாள். வெள்ளை உடையின் ஓரம் காலில் சிக்கியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா முதலில் நினைத்தது, அவனை விட்டு இவள் மேல் ஏறிவிட்டது என்றுதான். பிடிக்கக் கையை நீட்டினாள். மகள் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"என்னம்மா?" என்றார் போதகர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் ஐயாவைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் டாக்டர் ஐயா. அண்ணன் தொண்டையில இருந்து அது வரல" என்றாள். மூச்சை ஒருமுறை உள்ளே இழுத்தாள். "பாடுறது நான்."